பார்ப்பவர் யார் என்று சொல்லும் சொற்கள்

2023 பிப்ரவரி 14 அன்று டெல்லியிலும் மும்பையிலும் உள்ள பிபிசி அலுவலகங்களுக்கு வருமான வரித்துறை அதிகாரிகள் வந்தார்கள். 16ஆம் தேதி வரை வேலை நடந்தது. செய்திகளில் பெரும்பாலும் அடிபட்ட சொற்கள் 'ரெய்டு', 'சோதனை'. வரித்துறை பயன்படுத்திய சொல்லோ 'சர்வே'. ரெய்டுக்குப் பூசிய மென்மையான சாயம்தான் இந்த சர்வே என்று அப்போது பலரும் சொன்னார்கள். அந்த நடவடிக்கை நியாயமானதா என்பது தனி விவாதம். சொல்லைப் பொறுத்தவரை அது சாயம் அல்ல. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 'செர்ச்' என்பது 132ஆம் பிரிவு, 'சர்வே' என்பது 133ஏ பிரிவு. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு வீட்டின் கதவு.

செர்ச் என்று வருபவர் வீட்டுக்குள் வரலாம். சாவி கிடைக்காவிட்டால் பூட்டை உடைக்கலாம். பீரோவைத் திறக்கலாம், ஆளைச் சோதிக்கலாம், பணத்தையும் நகையையும் கைப்பற்றலாம். சர்வே என்று வருபவர் தொழில் நடக்கும் இடத்துக்குத்தான் வர முடியும், அதுவும் கடை திறந்திருக்கும் நேரத்தில். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம், சரக்கை எண்ணலாம், கல்லாவில் உள்ள பணத்தை எண்ணலாம். எண்ணிய பணத்தையும் சரக்கையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி செர்ச்சில் சத்தியப் பிரமாணம் வாங்கி வாக்குமூலம் பதிவு செய்ய அதிகாரம் இருந்தது, சர்வேயில் இல்லை. அதனால் சர்வேயின்போது வியாபாரி சொன்ன வார்த்தையை மட்டுமே சாட்சியமாக வைத்து வரி போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றம் 2012இல் அதை உறுதி செய்தது. 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன; சொற்கள் மாறவில்லை.

அதே துறையில் மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது: 'ஸ்க்ரூட்டினி'. இதில் யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. நீங்கள் தாக்கல் செய்த கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, இந்த வரவு எங்கிருந்து வந்தது, இந்தச் செலவுக்கு ரசீது எங்கே என்று அதிகாரி வரிவரியாகக் கேட்பார். நீங்கள் பதில் எழுத வேண்டும். நெருக்கமாகப் பார்ப்பது என்ற அளவில் மூன்றில் இதுதான் மிக நெருக்கமானது. ஆனால் மூன்றிலும் சட்டத்தின் கை மிகக் குறைவாக நீள்வதும் இதில்தான்.

நீதிமன்ற ஆவணங்களையும் அரசு அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில். எக்ஸாமினேஷன், இன்ஸ்பெக்‌ஷன், ஸ்க்ரூட்டினி, இன்வெஸ்டிகேஷன், என்கொயரி, சர்வே, ஆடிட் ஆகியவற்றை அகராதிகள் ஒரே கூட்டமாக நிறுத்துகின்றன. ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் அவற்றுக்குள் வேறுபாடு சொல்லும்போது 'கவனமாக', 'மிகக் கவனமாக', 'மிக மிகக் கவனமாக' என்று ஏணிப்படி போட்டுக் காட்டுகின்றன. கவனத்தின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதே என் அனுபவம். பார்ப்பவர் யார், எந்த உரிமையில் பார்க்கிறார், எதைத் தேடிப் பார்க்கிறார், பார்த்தபின் என்ன செய்யலாம் என்ற நான்கில்தான் அவை பிரிகின்றன.

தமிழில் இந்த நான்கையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடும் பழக்கம் வலுத்துவிட்டது. அந்தச் சொல் 'ஆய்வு'. அமைச்சர் மழைநீர் வடிகாலை ஆய்வு செய்கிறார். மாணவி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். கீழடியில் அகழாய்வு, நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையம், பிணவறையில் உடற்கூறாய்வு, தேர்தலுக்கு முன் கருத்தாய்வு. காவல் நிலையத்தில் இருப்பவரும் ஆய்வாளர், கல்வெட்டைப் படிப்பவரும் ஆய்வாளர். 'சோதனை'யின் நிலைமையும் இதேதான்: ஏவுகணையை ஏவிப் பார்ப்பதும், இரத்தத்தைப் பரிசோதிப்பதும், வீடு புகுந்து பீரோவைத் திறப்பதும், குடும்பத்துக்கு வந்த கஷ்டகாலமும் சோதனை. தமிழில் சொல் இல்லாமல் இப்படி நடக்கவில்லை. சீர்தூக்குதல், துருவுதல், அலசுதல், துப்புத் துலக்குதல், சரிபார்த்தல், மேற்பார்த்தல், தணிக்கை என்று ஒவ்வொரு வகைப் பார்வைக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. அவசரத்தில் கைக்கு முதலில் வருவது ஆய்வு.

எக்ஸாமின், ஸ்க்ரூட்டினி என்ற இரண்டையும் கொஞ்சம் பிரித்துக் காட்ட வேண்டும். எக்ஸாமின் என்பதன் வேர் லத்தீனில் தராசு முள்ளைக் குறிக்கும் ஒரு சொல். எடை போடுவதுதான் அதன் உள்ளே இருக்கும் செயல்; தமிழில் 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்று சொல்வதும் இதே தராசைத்தான். ஸ்க்ரூட்டினிக்கு வேறு பிறப்பு. கந்தல், உடைசல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லோடு அதைச் சொற்பிறப்பியலார் சேர்க்கிறார்கள்: பழந்துணிக் குவியலைக் கிளறிக் கிளறித் தேடுவது. எடை போடுபவருக்கு இரண்டு தட்டும் ஒன்று. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவருக்குச் சம்மதம். கிளறுபவர் உள்ளே ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் கையை விடுகிறார். அதனால்தான் மாணவரின் விடைத்தாளுக்கும் நோயாளியின் உடலுக்கும் எக்ஸாமினேஷன், வேட்புமனுவுக்கும் வரிக்கணக்குக்கும் ஸ்க்ரூட்டினி.

இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும் ஓர் இடம் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36ஆம் பிரிவு. தலைப்பு, வேட்புமனுக்களின் ஸ்க்ரூட்டினி. உள்ளே போனால் தேர்தல் அதிகாரி செய்யும் செயலுக்குச் சட்டம் வைத்திருக்கும் வினைச்சொல் எக்ஸாமின். முதலில் இதை வெறும் நடை வேறுபாடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரிவை முழுதாகப் படித்தால் அப்படித் தோன்றாது. குறித்த நாளில், குறித்த இடத்தில், வேட்பாளர், அவருடைய தேர்தல் முகவர், முன்மொழிந்தவர் ஒருவர், எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற இன்னொருவர் ஆகியோர் வந்து உட்காரலாம். எல்லா வேட்பாளர்களின் மனுக்களையும் அவர்கள் பார்க்கலாம். எதிராளியின் மனுவில் ஓட்டை இருந்தால் ஆட்சேபம் சொல்லலாம். குற்றம் தேடும் கண்கள் பல சேர்ந்த அந்த அமர்வுக்குப் பெயர் ஸ்க்ரூட்டினி. அதிகாரி செய்ய வேண்டியது அந்த ஆட்சேபங்களைச் சீர்தூக்குவது, அது எக்ஸாமின். சாரமில்லாத குறைக்காக மனுவை நிராகரிக்கக் கூடாது என்று நான்காவது உட்பிரிவு அவர் கையைப் பிடிக்கிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத வேண்டும் என்று ஆறாவது உட்பிரிவு சொல்கிறது. குற்றம் தேடுபவர் ஒருவர், எடை போடுபவர் இன்னொருவர் என்ற ஏற்பாடே அந்தப் பிரிவின் உயிர்.

தமிழில் இதை 'வேட்புமனு பரிசீலனை' என்கிறோம். அந்தச் சொல் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. ஆனால் அதே பரிசீலனைதான் 'தங்கள் கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது' என்ற வாக்கியத்திலும் வருகிறது. அங்கே அது கன்சிடர் செய்வது. மனுதாரருக்கு இடம் கொடுக்கும் மென்மையான சொல். ஸ்க்ரூட்டினியில் அந்த மென்மை கிடையாது. முதல் முறையாகச் சுயேச்சையாக நிற்கும் ஒருவர் பரிசீலனை என்ற சொல்லை நம்பித் தனியாகப் போய் உட்கார்ந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருடன் வந்து அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகத் துருவும்போதுதான் அங்கே நடப்பது என்னவென்று அவருக்குப் புரியும்.

போப்பாண்டவர் தேர்தலிலும் இதே பிரிவினை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிஸ்டைன் சிற்றாலயத்தில் கர்தினால்கள் வாக்களித்தபின் சீட்டுகளை எடுப்பவர்கள் மூன்று ஸ்க்ரூட்டினியர்கள், குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முதலாமவர் சீட்டைப் பிரித்துப் பெயரைப் பார்க்கிறார், இரண்டாமவர் பார்க்கிறார், மூன்றாமவர் உரக்கப் படிக்கிறார். படித்த சீட்டில் 'நான் தேர்ந்தெடுக்கிறேன்' என்று பொருள்படும் 'எலிகோ' என்ற லத்தீன் சொல் அச்சாகியிருக்கும் இடத்தில் ஊசியால் குத்தி நூலில் கோக்கிறார். எல்லாச் சீட்டும் ஒரே நூலில் கோக்கப்பட்டு முனைகள் முடிச்சிடப்படுகின்றன. அதன் பிறகு ரிவைசர்கள் என்ற வேறு மூவர் வருகிறார்கள். முதல் மூவர் சரியாக எண்ணினார்களா, சரியாகக் குறித்தார்களா என்று பார்ப்பது இவர்கள் வேலை. சீட்டைப் பார்ப்பது ஒன்று, சீட்டைப் பார்த்தவர்களைப் பார்ப்பது வேறொன்று. ஒரே அறையில், ஒரே மேசையில், அதே காகிதங்கள்தான். ஆனாலும் சொல் மாறுகிறது.

குற்ற வழக்குகளுக்கு வருவோம். இங்கேதான் தமிழின் இழப்பு பெரியது. காவல்துறை சாட்சியம் திரட்டுவது இன்வெஸ்டிகேஷன். லத்தீனில் காலடித் தடம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, தடம் பிடித்துப் போவது. நீதிமன்றம் வழக்கு விசாரணைக்கு முன் செய்வது என்கொயரி. குற்றச்சாட்டு பதிவான பின் நடப்பது டிரையல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் இந்தச் சொற்களைத் தனித்தனியாகவே கையாளுகின்றன. தமிழில் முதலாவது 'புலன் விசாரணை', இரண்டாவது 'விசாரணை', மூன்றாவதும் 'விசாரணை'. சாட்சியை வழக்கறிஞர் கேள்வி கேட்பது, அதாவது சாட்சியை எக்ஸாமின் செய்வது, அதுவும் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை. செய்தித்தாளில் இடம் போதாமல் 'புலன்' என்ற மூன்று எழுத்தும் உதிர்ந்துவிட்டால் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு 'விசாரணைக் கைதி' என்ற சொல்லைக் காட்டுவேன். ஆங்கிலத்தில் அண்டர்டிரையல். காவல்துறையின் வேலை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் வழக்கை எடுக்கக் காத்திருக்கும் நிலையிலும் ஒருவர் அந்தப் பெயரில் சிறையில் இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களோ 'இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்' என்று சொல்லிக்கொண்டு காவல் நிலைய வாசலுக்கு நடப்பார்கள். போக வேண்டிய இடம் நீதிமன்றம், பார்க்க வேண்டியது வழக்கறிஞரை. சொல் தெளிவாக இருந்தால் அந்த நடை மிச்சம்.

தூத்துக்குடியில் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. அது 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்படி நடந்த என்கொயரி. அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்குகளை சிபிஐக்கு மாற்றியது. அது இன்வெஸ்டிகேஷன். ஆணையம் அரசுக்குப் பரிந்துரைக்கும். யாரையும் தண்டிக்கவோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவோ அதற்கு அதிகாரம் இல்லை. சிபிஐ நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். 2022இல் ஆணையம் இறுதி அறிக்கை கொடுத்தபோது 'விசாரணை முடிந்துவிட்டதே, தண்டனை எங்கே?' என்று கேட்டவர்களின் ஆற்றாமையில் நூறு சதவீதம் நியாயம் இருந்தது. அவர்கள் எதிர்பார்த்த விசாரணை வேறு, முடிந்த விசாரணை வேறு என்பதை அவர்களுக்கு யாரும் விளக்காததுதான் குறை.

'விசாரி' என்ற தமிழ் வழக்கில் இன்னொரு முகம் இருக்கிறது. 'அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்கிறோம். அங்கே அது அன்பு. ஒருவேளை அதனால்தான் காவல் நிலையத்திலிருந்து 'ஒரு விசாரணைக்கு வந்துவிட்டுப் போங்கள்' என்று அழைத்தால் சாதாரண மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எந்தப் பிரிவில், சாட்சியாகவா சந்தேக நபராகவா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

எல்லாச் சொற்களும் இப்படிக் கூர்மையாக நிற்பதில்லை. ஸ்கேன், பெரூஸ் என்ற இரண்டும் ஆங்கிலத்திலேயே வழுக்குபவை. ஸ்கேன் என்பதன் லத்தீன் வேருக்கு ஏறுதல் என்று பொருள். செய்யுளைச் சீர் சீராகப் பிரித்து அளப்பதற்கு அந்தச் சொல் முதலில் வந்தது. தமிழில் அதற்கு அச்சு அசலான சொல் 'அலகிடுதல்'. அதிலிருந்து நுணுகிப் பார்த்தல் என்ற பொருள் வந்தது. பிறகு, எப்படியோ, மேலோட்டமாகக் கண்ணோட்டுவது என்ற நேர் எதிர்ப்பொருளும் சேர்ந்துகொண்டது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த பிறகு நம் ஊரில் ஸ்கேன் என்றால் இயந்திரம்தான். வரி வரியாகப் போய் எதையும் விடாமல் அளப்பது என்று பார்த்தால், அந்த இயந்திரம் செய்வது அலகிடுவதற்குத்தான் நெருக்கம். பெரூஸ் என்பதை 'சும்மா புரட்டிப் பார்த்தல்' என்று நினைத்துப் பலர் எழுதுகிறார்கள். பழைய பொருள் முழுமையாகப் படிப்பது. இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளில் இரு தரப்பையும் கேட்டு ஆவணங்களைப் பெரூஸ் செய்ததாக வரும் வாக்கியத்தில் அந்தப் பழைய பொருள்தான். நான் அதை 'ஆவணங்களை முழுமையாகப் படித்து' என்றே எழுதுகிறேன். 'பார்வையிட்டு' என்று எழுதினால் நீதிபதி பொருட்காட்சிக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிடும்.

ஆடிட் பற்றி ஒரு வரி போதும். அதன் வேர் கேட்டல். ஒரு காலத்தில் கணக்கை ஒருவர் வாசிக்க மற்றவர் காதால் கேட்டுச் சரிபார்த்தார்கள்.

ஸ்க்ரூட்டினி என்ற சொல் மிக அதிகமாகப் பாரம் சுமப்பது அரசியல் சாசன வழக்குகளில். ஒரு சட்டம் செல்லுமா என்று பார்க்கும்போது எவ்வளவு கடுமையாகத் துருவ வேண்டும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் படிநிலையே வகுத்து வைத்திருக்கிறது. பொதுவான பொருளாதாரச் சட்டம் என்றால் நியாயமான காரணம் ஒன்று இருந்தாலே போதும். பாலினத்தை வைத்துப் பாகுபடுத்தும் சட்டம் என்றால் நடுத்தர ஸ்க்ரூட்டினி. ஓக்லஹோமா மாநிலத்தில் 3.2 சதவீத பீரைப் பெண்கள் 18 வயதிலும் ஆண்கள் 21 வயதிலும்தான் வாங்கலாம் என்றிருந்த சட்டத்தை 1976இல் ரத்து செய்தபோது அந்த அளவுகோல் உருவானது. இனத்தை வைத்துப் பாகுபடுத்தினால் ஸ்ட்ரிக்ட் ஸ்க்ரூட்டினி. அரசு தன் செயலுக்குக் கட்டாயக் காரணம் காட்ட வேண்டும், வேறு வழியே இல்லை என்றும் காட்ட வேண்டும். ஆனால் இனத்தை வைத்து வரும் கட்டுப்பாடுகளை மிகக் கடுமையான ஸ்க்ரூட்டினிக்கு உட்படுத்த வேண்டும் என்று அந்த நீதிமன்றம் 1944இல் சொன்ன அதே தீர்ப்பில்தான், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றிய உத்தரவைச் சரி என்றது. கடுமையாகத் துருவ வேண்டும் என்று எழுதிவிட்டு ராணுவம் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2018 ஆயிற்று.

பிரிட்டனில் இன்னொரு வகை. அன்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 1987 பிப்ரவரியில் ஓர் உகாண்டா அகதியின் வழக்கில் தீர்ப்பளித்தது. கென்யா வழியாக வந்தவரை கென்யாவுக்கே திருப்பி அனுப்ப உள்துறை முடிவு செய்திருந்தது. கென்யா அவரை உகாண்டாவுக்குத் தள்ளிவிடும் ஆபத்து இருந்தது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய முடிவு என்றால் அதன் அடிப்படையை 'மிகுந்த ஆங்க்ஷியஸ் ஸ்க்ரூட்டினி'க்கு உட்படுத்த வேண்டும் என்று பிரிட்ஜ் பிரபு எழுதினார். அந்த முடிவு ரத்தானது. ஒரு நீதிபதி தன் பார்வைக்குப் பதற்றத்தை இலக்கணமாக வைத்தது எனக்கு இன்றும் வியப்பு. கிளறும் கை நடுங்க வேண்டும் என்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஆறு இலங்கைத் தமிழர்களின் வழக்கில் அதே சபையின் தீர்ப்பு வந்தது. அவர்களுடைய அச்சம் உண்மையானதா என்பது மட்டும் போதாது, துன்புறுத்தலுக்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்கிறதா என்பதை அமைச்சர் தன்னிடம் உள்ள தகவல்களை வைத்து முடிவு செய்யலாம் என்று தீர்ப்பானது. அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அன்றைய விதிப்படி நாட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் மேல்முறையீடு செய்ய முடியும். அவர்களில் ஐவருடைய மேல்முறையீட்டை 1989இல் கேட்ட அதிகாரி சாட்சியங்களைப் பார்த்து, அவர்களின் அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது, திரும்ப அழைத்துவர வேண்டும் என்று முடிவு செய்தார். அந்த ஐவரும் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1991 அக்டோபர் 30 அன்று அது அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் போதுமான பரிகாரம் இருக்கிறது என்பதற்கு அது காட்டிய காரணங்களில் ஒன்று, உயிர் பற்றிய வழக்குகளில் அந்த நீதிமன்றங்கள் ஆங்க்ஷியஸ் ஸ்க்ரூட்டினி செய்யக் கடமைப்பட்டவை என்பது.

பிரிட்டனில் ஐவருடைய கதையை முழுதாக எடுத்து எடை போட்டது அந்த மேல்முறையீட்டு அதிகாரிதான். அது எக்ஸாமினேஷன். பிரபுக்கள் சபை துருவியது அமைச்சர் முடிவெடுத்த விதத்தை. அது ஸ்க்ரூட்டினி. இரண்டும் வெவ்வேறு முடிவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை, இரண்டும் பார்த்த பொருளே வேறு.

ஆங்க்ஷியஸ் ஸ்க்ரூட்டினி என்பதை 'கவலையுடன் கூடிய ஆய்வு' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. நான் 'உயிர் போகக்கூடும் என்ற உணர்வோடு துருவிப் பார்த்தல்' என்று எழுதுகிறேன். நீளம் என்று திருத்துபவர்களிடம் வாதாடி வைத்துக்கொள்கிறேன். பிரிட்டனிலிருந்து நிராகரிப்புக் கடிதத்தின் தமிழாக்கத்தைக் கையில் வாங்கும் ஒருவருக்கு, மேல்முறையீட்டில் தன் கதையை மறுபடி முழுதாகச் சொல்ல முடியும் என்பதும், நீதிமுறை மறுஆய்வில் அதிகாரி எழுதிய காரணங்களைத்தான் துருவ முடியும் என்பதும் அந்தக் காகிதத்திலேயே தெரிய வேண்டும். எதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பது அதற்கு அடுத்த வரியில் இருக்கும்.